பன்னிரண்டு வடை, நான்கு தட்டு

பன்னிரண்டு பருப்பு வடையை நான்கு தட்டில் பிரித்து வைக்க யஹ்யாவுக்கு முக்கால் மணி நேரமாகியும் முடியவில்லை. ஆறு மணிக்குள் வீடியோவைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஞாயிறு மாலை, மணி ஐந்தேகால்.

வேறு யாராவது என்றால் மன்னித்துவிடலாம். யஹ்யா, துபாய் சோனாப்பூரில் ஆயிரத்து இருநூறு தொழிலாளருக்குச் சோறு போடும் கேம்ப் மெஸ்ஸின் சூப்பர்வைசர். பதினோரு வருடமாக அண்டா அண்டாவாகப் பங்கு வைத்து அனுப்புகிற கை.

அதனால்தான் வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்பு மகள் ஷஹீரா பள்ளியிலிருந்து வந்து, "வாப்பா, டிவிஷன் ஹோம்வொர்க். வீட்ல ஒருத்தரோட சேர்ந்து பண்ணி வீடியோ அனுப்பணும்" என்றதும் அவர் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"டிவிஷனா? அதுக்கு வாப்பாவை விட்டா துபாய்ல வேற யாரு இருக்கா?"

"மிஸ் பெருசா ஏதோ எழுதியிருக்காங்க. படிச்சுக் காட்டவா?" என்று மனைவி மாஹிரா போனை எடுத்தாள்.

"படிச்சு என்ன ஆகப்போவுது? நான் தினம் செய்யிற வேலை. நீ வடையைச் சுடு."

ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு ஊர்க்காரன் சோலையப்பன் அதே கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்துக் கராமாவிலிருக்கும் யஹ்யா வீட்டுக்கு வந்திருந்தான். நாலாவது ஆள் கிடைத்துவிட்டான் என்று யஹ்யாவுக்குச் சந்தோஷம். மாஹிரா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இங்க பாரு புள்ளே. பன்னெண்டு வடை. நாம நாலு பேரு. ஆளுக்கு எத்தனை?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கை இரண்டு வடையை எடுத்து ஒரு டிஷ்யூ பேப்பரில் தனியே வைத்தது.

"அது யாருக்கு வாப்பா?"

யஹ்யா தம் கையைத் தாமே பார்த்தார். "அது... கேம்ப் பாஸுக்கு. பங்கு வைக்கிறதுக்கு முன்னால எடுத்து வச்சிரணும்."

"கேம்ப் பாஸ் இங்க இல்லையே. அப்போ டென்தான் இருக்கு. டென் டிவைடட் பை ஃபோர்?"

"ஆளுக்கு ரெண்டு. மீதி ரெண்டு."

"ரிமைண்டர் யாருக்கு?"

"மீதி எப்பவும் சூப்பர்வைசருக்கு."

"சூப்பர்வைசர் நீங்கதானே?"

மாஹிரா சிரித்ததில் போன் ஆடிவிட்டது. சோலையப்பன் சிரிக்கவில்லை. யோசனையோடு தாடையைச் சொறிந்தான்.

"கட் கட்! மறுபடி எடு" என்று வடைகளைத் திரும்பக் குவித்தார் யஹ்யா. இந்தத் தடவை பன்னிரண்டையும் தட்டுகளில் வைத்துவிட்டார். ஆளுக்கு மூன்று. நிமிர்ந்து கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ஷஹீரா தட்டுகளை எட்டிப் பார்த்தாள். மாவு தீரும்போது சுட்ட சுண்டைக்காய் அளவு வடைகள் மூன்றும் ஒரே தட்டில் இருந்தன.

"அங்கிளுக்கு மட்டும் ஏன் எல்லாமே குட்டி?"

"எண்ணிப் பாரு, மூணு இருக்குல்ல? கணக்குக்கு எண்ணிக்கைதான். சைஸெல்லாம் கணக்குல வராது."

"ஓஹோ!" சோலையப்பன் எழுந்தே விட்டான். "எட்டு வருசமா எங்க லைன்ல கழுத்தும் முதுகுமாவே விழுதே, லெக் பீஸ் எங்க போவுதுன்னு ரூம்ல தினம் பேச்சு. பீஸ் எண்ணிக்கை மட்டும் சரியா இருக்கும். இப்பல்ல புரியுது பாய்!"

"டேய், இது வடை. புள்ள பாடம். நடுவுல சிக்கனை இழுக்காத."

"அக்கா, அந்த வீடியோவைக் கொஞ்சம் எனக்கு அனுப்புங்க. எங்க கேம்ப் குரூப்ல போடணும்."

யஹ்யாவுக்குச் சட்டென்று வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "மாஹிரா, அழி! ரெண்டையும் அழி! சோலை, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போயி உக்காரு. மூணு பேருக்கே போட்டுக் காட்டிர்றேன். ஆளுக்கு நாலு. கலாஸ், முடிஞ்சுது."

சோலையப்பன் முகம் தொங்க, போய் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"வாப்பா, இது டிவிஷன் இல்ல" என்றாள் ஷஹீரா. "அங்கிளை சப்ட்ராக்ட் பண்ணிட்டீங்க."

மாஹிரா கடிகாரத்தைக் காட்டினாள். மணி ஐந்து ஐம்பது.

ஷஹீரா சோலையப்பனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். வடைகளை நடுவில் குவித்தாள். சின்னது மூன்றையும் உடைத்து நான்கு தட்டுக்கும் சரியாகப் பிரித்தாள். பெரியவை ஒன்பது. "அங்கிளுக்கு ஒண்ணு, உம்மாவுக்கு ஒண்ணு, வாப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு." சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. யஹ்யாவின் கை தானாக நீண்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நோ வாப்பா. இதையும் நாலா உடைக்கணும். இப்போ நீங்க பண்ணுங்க. மெதுவா."

அவர் உடைத்தார். நான்கு துண்டும் ஒரே அளவா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, முதல் துண்டைச் சோலையப்பன் தட்டில் வைத்தார். என்னவோ காது சுட்டது. ஷஹீரா பிரித்துக் காட்டியதை எடுத்த கடைசி வீடியோவை மட்டும் மாஹிரா ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

"பாய்," என்றான் சோலையப்பன் வாய் நிறைய, "உங்க கையால முழுப் பங்கு திங்கிறது எனக்கு இதுதான் முதல் தடவை."

புதன்கிழமை பெற்றோர் கூட்டம். யஹ்யா இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். வகுப்பாசிரியை வடிவு மிஸ், வந்த வீடியோக்களிலேயே ஷஹீராவுடையதுதான் முதலிடம் என்றதும், யஹ்யா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமினார்.

"சொல்லிக் குடுக்கிறவங்க சரியா இருந்தா புள்ளைங்க பிடிச்சுக்கும் மிஸ். எல்லாம் நம்ம டிரெயினிங்தான். கொஞ்சம் கஷ்டப்பட்டேன், ஆனா கடைசில புரிய வச்சாச்சு."

வடிவு மிஸ் ஒரு நொடி திகைத்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், மெசேஜைப் படிக்கலையா? உங்க வீட்ல வகுத்தல் தெரியாத ஒருத்தரைக் கண்டுபிடிச்சு, பொறுமையா சொல்லிக் குடுங்கன்னு பிள்ளைங்களுக்குத்தான் ஹோம்வொர்க் குடுத்தேன். மத்த பிள்ளைங்க எல்லாம் தம்பி தங்கச்சி பேரை எழுதியிருந்தாங்க, ஷஹீரா மட்டும்தான் உங்க பேரை எழுதியிருந்தா."