கழித்துப் பார்த்தால் புது பைக்

எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மோட்டார் சைக்கிள் மலைச்சரிவில் ஒரு கிலோமீட்டர் உருண்டு இறங்கினால், அது ஓடியதாகக் கணக்கா, இல்லையா? தரம் ஐந்து பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் எனக்கு இதற்கு இன்றுவரை விடை தெரியாது. விடை தெரியாத இந்தக் கேள்விக்கு எனக்கு நானே முழுப் புள்ளி போட்டுக்கொண்டு பைக் வாங்கப் போனேன்.

என் கணவர் ரூபனுக்கு மொனராகலையில் வேலை. சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி ஹாலிஎலக்கு வந்து சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். வாரம் முழுவதும் "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டவள், அப்பா வந்ததே தெரியாமல் குறட்டை விடுவாள். அதனால் தூரப் பயணத்துக்கு ஏற்ற, இரண்டு பக்கமும் பெட்டி வைத்த பெரிய பைக் ஒன்றைப் பழையதாக வாங்குவது என்று முடிவானது.

ரூபன் பைக் பார்க்கும் முறை எளிமையானது. விளம்பரத்தில் படத்தைப் பார்ப்பார். "அழகா இருக்குல்ல?" என்பார். பரிசோதனை முடிந்தது. ஆனால் எல்ல ஊர் மலை வளைவுகளில் மழைக்குள் இறங்கி வரப்போவது என் பிள்ளையின் அப்பா. ஆகவே வண்டியைச் சோதிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். (எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பதை யாரும் அப்போது நினைவூட்டவில்லை.) மகளைத் தூங்கவைத்தபடியே காணொளி காணொளியாகப் பார்த்தேன். மீட்டர் பொய் சொல்லும், ரப்பர் பொய் சொல்லாது. கால் வைக்கும் இடத்து ரப்பரையும், பிரேக் மிதியையும், கைப்பிடியையும் பார். எஞ்சினைத் தொட்டுப் பார், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

பைக் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. விற்பவர் அங்கே கடை வைத்திருப்பவர். நான் டீச்சர் என்பதை ரூபன் போனிலேயே சொல்லியிருந்தார். வண்டியைக் கடைவாசலில் துடைத்து நிறுத்தியிருந்தார். நான் நேராகப் போய் எஞ்சின்மேல் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. ரூபனை வெற்றியோடு பார்த்தேன். (விற்பவர் மலை உச்சியில் இருக்கும் வீட்டிலிருந்து எஞ்சினைப் போடாமலே கடைவரை உருண்டு வந்திருந்தார். ஜில்லென்று இல்லாமல் வேறெப்படி இருக்கும்?)

அடுத்தது மீட்டர். நாற்பதாயிரம் கிலோமீட்டர். நான் உதட்டைப் பிதுக்கினேன். பிரேக் மிதி, தேய்ந்த சவர்க்காரம்போல வழுவழுவென்று இருந்தது. நான் இன்னும் பிதுக்கினேன்.

"என்னண்ணே, மிதி இப்புடித் தேஞ்சிருக்கு?"

"டீச்சரம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது போல!" என்றார் அவர். "நம்ம வீடு மேல் டிவிஷன்ல. பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப பழகுனது, எறங்குறப்ப எஞ்சின் ஆஃப். எறக்கம் பூரா பிரேக்கு மட்டுந்தான் வேல செய்யும். எஞ்சின் பாவம், தூங்கிக்கிட்டு வரும்."

"ஓ."

"அப்ப ஏறுறப்ப மட்டுந்தானே எஞ்சின் ஓடியிருக்கு? நாப்பதாயிரத்துல எவ்வளவு கழிக்கணும்? டீச்சரம்மாவே சொல்லுங்களேன்."

"பாதி. இருபதாயிரம்." என் வகுப்புப் பிள்ளைகள்கூட அவ்வளவு வேகமாகக் கை தூக்கியதில்லை.

"கொழுந்துக்குச் சாக்குன்னும் ஈரம்ன்னும் கழிக்கிறாங்க. வண்டிக்குக் கழிச்சாத் தப்பா?"

அங்கேதான் விழுந்தேன். என் அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். தராசு காட்டும் கிலோ வேறு, சாக்கின் எடை, இலையின் ஈரம் என்று கழித்துப் பேரில் எழுதும் கிலோ வேறு என்பது எங்கள் லயத்து வீடுகளில் காலையில் வெயிலடிப்பதைப்போல இயற்கையான விஷயம். ஒரு எண்ணைக் காட்டிக் கழிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்கும் நரம்பு எனக்குப் பிறவியிலேயே இல்லை.

"பிரேக்க ஒருக்காப் பாத்துருவமா?" என்றார் ரூபன். அன்று பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம் அதுதான்.

"சும்மா இருங்க, நான் கணக்குப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். "எவ்வளவு உண்மையா பேசுறாரு பாருங்க, மிதி தேஞ்சதக்கூட மறைக்கல."

வாங்கிவிட்டோம். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு இன்னொரு யோசனை உதித்தது. (அன்று யோசனைகளுக்குத் தட்டுப்பாடே இல்லை.)

"என்னங்க, மெயின் ரோடு வரைக்கும் எறக்கந்தானே? எஞ்சின ஆஃப் பண்ணிருங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள ஏன் அதத் தேய்ப்பானேன்?"

ரூபன் நல்லவர். சொன்னதைச் செய்வார்.

முதல் வளைவு சுகமாக இருந்தது. காற்று, தேயிலை, தூரத்தில் மூடுபனி. இரண்டாவது வளைவில் ஏதோ கருகும் வாசம் வந்தது. தோட்டத்தில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று சொன்னேன். மூன்றாவது வளைவில் ரூபன் மிக அமைதியாக, "பிரேக்கு புடிக்குதில்ல" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு மகளின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அதை இன்றும் என்னால் நகைச்சுவையாக எழுத முடியவில்லை.

நல்லவேளை, வளைவு முடியும் இடத்தில் கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். ரூபன் "வெலகுங்க! வெலகுங்க!" என்று கத்தியபடி ஓரத்தில் குவிந்திருந்த கொழுந்து மூட்டைகளைப் பார்த்து வண்டியை விட்டார். வண்டி மூட்டைக்குள் புதைந்து நின்றது. அவர் முழங்கையில் ஒரு சிராய்ப்பு. நான் பறந்துபோய், தராசுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன், ஸ்டாஃப் ரூமில் உட்கார்வதுபோல.

எங்களுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பறிக்கிற அக்காமார் தொடங்கினார்கள்.

"கணக்கப்புள்ள, இதையும் எம் பேருல எழுதிருங்க!"

"ஈரத்துக்குக் கழிக்கணும்டி. புள்ள வேர்த்து ஊத்திருச்சு."

"கழிச்சாலும் மிஞ்சும்!"

எடை எழுதும் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார். அது இன்னும் மோசம். சிதறிய கொழுந்தை எல்லாருடனும் சேர்ந்து அள்ளிப் போட்டேன். பிறகு எங்கள் பெரும்பயண பைக், பதுளைக்குப் போன மரக்கறி லொறியில், கோவா, கரட் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு முதல் பயணத்தை முடித்தது. பிரேக்கைக் கழற்றிய மெக்கானிக் சொன்னது, அதற்குள் பிரேக் என்று சொல்ல எதுவும் இல்லை என்பதுதான். எஞ்சின் பிரமாதமாம். கணக்கில் நான் தவறவில்லை என்று இதைப் பெருமையாக வீட்டில் சொன்னது, அன்றைய என் கடைசித் தவறு.

ஏனென்றால் மாமி கேட்டுக்கொண்டிருந்தார். ரூபனின் அம்மா எதையும் மறப்பவர் அல்ல. போன மாதம் கிளினிக்கில் நர்ஸ் வயது கேட்டபோது, "அறுவது. ஆனா பாதி எஞ்சின் ஆஃப் பண்ணி எறக்கத்துல வந்தது. கழிச்சு எழுதுங்கம்மா" என்றார். நான் தேங்காய் துருவி முடித்துவிட்டேன் என்றால், "முடிச்சதா, கழிச்சு முடிச்சதா?" என்பார். மகளும் இப்போது பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, "கழிச்சாச்சு" என்கிறாள்.

பிரேக் மாற்றிய பிறகு அந்த பைக் ரூபனைச் சனிக்கிழமைதோறும் மகள் தூங்குமுன் வீட்டில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. எல்லா இறக்கத்திலும் எஞ்சின் ஓடியபடிதான். இப்போது இரண்டாவது பிள்ளையும் வந்துவிட்டதால் அதை விற்கிறோம். வரும் ஞாயிறு, கோயில் பூசை முடிந்ததும் ஒருவர் பார்க்க வருகிறார். பிரேக்கைத்தான் முதலில் காட்டுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? மீட்டரில் இருப்பதையா? பழைய சொந்தக்காரரின் இறக்கங்களைக் கழித்தா? தெரிந்தவர்கள் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் மாமியே பேசிக்கொள்வதாகச் சொல்கிறார்.

"கழிச்சே சொல்லுவோம்" என்கிறார். "வர்றவரும் டீச்சரா இருந்தா நம்பிருவாரு."