சிவப்பு நட்சத்திரக்காரர்

உலகத்தில் கட்டம் போடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஜாதகக் கட்டம் போடுகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்களாவது கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்கிறவர்கள் வெறும் கட்டத்தைப் போட்டுவிட்டு, அதை நிரப்பும் வேலையை நம் தலையில் கட்டுகிறவர்கள். இணையதளத்தில் நீங்கள் ஒரே ஒரு வரி எழுதப் போனால், தலைப்பு, துணைத்தலைப்பு, சுருக்கம், பிரிவு, படம், படத்துக்கு விளக்கம், உங்களைப் பற்றி நீங்களே பெருமையாக இரண்டு வரி என்று கேட்டுக்கொண்டே போய், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு சிவப்பு நட்சத்திரம் வைத்திருப்பார்களே, அவர்கள்தான். இதை நிரப்பாமல் நீ நகர முடியாது என்று அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம். இந்த இனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் ஒருவரைப் பார்க்கிறேன்.

ஓசூரில், கீழே வெல்டிங் பட்டறையும் மேலே நாங்களுமாக இருக்கிற ஒரு கட்டடத்தில், அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் வேலை. போல்ட் செய்கிறவர் வருவார். "என் போல்ட்டப் போடுங்க, கீழ போன் நம்பர் போடுங்க, போதும்" என்பார். போதுமா? விட்டுவிடுவேனா? "சார், உங்க போல்ட்டோட கதை என்ன?" என்று கேட்பேன். போல்ட்டுக்கு ஏது கதை? அவர் யோசிப்பதற்குள் 'எங்கள் கதை' என்று ஒரு கட்டம் போட்டு நட்சத்திரமும் வைத்திருப்பேன். எங்கள் இனத்துக்கு இரண்டு வாசகங்கள் உண்டு. ஒன்று, "முதல்ல ஸ்ட்ரக்சர், அப்புறம்தான் மத்ததெல்லாம்." இரண்டாவது, "ஒரு தடவ செட் பண்ணிட்டா போதும், அப்புறம் தொடவே வேணாம்." இரண்டாவதைச் சொன்ன நாள் முதல் அதைத் தினமும் தொட்டுக்கொண்டே இருப்போம்.

வீட்டிலும் இந்த வியாதி விடாது. என் மனைவி ஜெயப்ரியா ஒரு நாள், "தல வலிக்குதுங்க" என்றாள். "எந்தப் பக்கம்? எப்ப இருந்து? விட்டு விட்டா, தொடர்ந்தா?" என்றேன். "மொதல்ல மாத்திரையக் குடுங்க. அப்புறமா உக்காந்து பேட்டி எடுங்க" என்றாள். அதில் கோபம் இருந்தது. எனக்கோ, 'பேட்டி' என்று தனியாக ஒரு டெம்ப்ளேட் போடலாமே என்று தோன்றியது.

இப்படிப்பட்ட என்னிடம்தான் சாந்த் பாஷா வந்தார். தக்காளி மண்டி வைத்திருப்பவர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்காக ஒரு தளம் நடத்துகிறார். காட்டிலிருந்து யானை இறங்கினால் யாராவது அதில் எழுதுவார்கள். உடனே எல்லோர் போனுக்கும் செய்தி போகும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்கள். காட்டோரச் சாலையில் யானையை முதலில் பார்ப்பது அவர்கள்தான். தளத்தில் இருந்தது ஒரே ஒரு கட்டம். அதில், 'ஆனை. ஏரிக்கரை. சீக்கிரம்' என்று எழுதுவார்கள். செய்தி போகும். பட்டாசோடு ஆட்கள் ஓடுவார்கள். யானை திரும்பிப் போகும்.

"பாய், இது என்ன பாய், சந்தை மாதிரி இருக்குது?" என்றேன்.

"சந்தைதானே தம்பி என் தொழிலு?" என்றார் அவர். "கொஞ்சம் வேகமா ஓடற மாதிரி பண்ணிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

வேற ஒண்ணும் வேணாம் என்ற சொல்லை எங்கள் இனத்தின் காது வாங்காது. நான் யானைக்கு டெம்ப்ளேட் போட்டேன். யானைகளின் எண்ணிக்கை, வந்த திசை, போகும் திசை, குட்டி உண்டா, இல்லையா. உச்சியில் அகலமாக ஒரு படம், கட்டாயம். நெடுக்குவாட்டில் எடுத்த படத்தை ஏற்காது; பக்கத்தின் அழகு கெட்டுவிடும் அல்லவா? போனுக்குப் போகும் செய்தியில் படம் பெரிதாகத் தெரியும். விவரம் வேண்டுமென்றால் கீழே தொட்டுப் படித்துக்கொள்ளலாம். முடித்துவிட்டு நானே எழுந்து நின்று அதைப் பார்த்து ரசித்தேன். பாய் பார்த்தார். "ஆனைக்கு ஆதார் கார்டு கேக்கலையே, அது வரைக்கும் சந்தோசம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதப்பன் என்று பெயர். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஏரியை ஒட்டி அவருக்குக் காடு; எங்கள் பக்கம் வயலையும் காடு என்றுதான் சொல்வோம். போன முறை தக்காளி நோயில் போனது, அதற்கு முந்தைய முறை மழையில் போனது. இந்த முறைதான் கொம்பு நட்டு, கம்பி கட்டி, கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. நான் சொல்லப்போகிற நாளுக்கு மறுநாள் காலை பறிப்பதற்கு ஆள் சொல்லியிருந்தார். மற்றபடி அவருக்கு ஒரே ஒரு பழக்கம். தினமும் விடிந்ததும் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் பிள்ளையார் படத்தோடு காலை வணக்கம் அனுப்புவார்.

அன்று சாயங்காலம், மாமனார் ஊரிலிருந்து தளத்தில் எழுதுகிற முனவர் பேகம் போன் செய்தாள். கம்பெனி வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, ஏரிக்கரையில ஆனை நிக்குது. எழுதிட்டன், போட்டோவும் வெச்சன். ஏத்துக்க மாட்டேங்குது."

"நெட்டா எடுத்திருப்பம்மா. போனப் படுக்க வெச்சு எடு."

"பஸ்ஸு தாண்டி வந்துடுச்சுண்ணா. இனிமே எங்க எடுக்கறது? அந்தப் படத்த வேணாம்னு சொல்லுங்கண்ணா, இந்த ஒரு தடவ."

அந்த நட்சத்திரத்தை எடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எடுத்தேனா? "ஒருத்தருக்காக ரூல்ஸ மாத்துனா அப்புறம் ரூல்ஸ் எதுக்கும்மா? அகலமா ஏதாச்சும் படம் இருக்கான்னு பாரு" என்றேன். லைனில் இருந்தபடியே தேடினாள். பிறகு, "போயிடுச்சுண்ணா! பச்ச டிக்கு வந்துடுச்சு!" என்று சந்தோஷமாகக் கத்தினாள். "பாத்தியா? சிஸ்டம் கரெக்டா வேல செய்யுது" என்றேன்.

ஏரிக்கரை என்றதும் மாமனாருக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். போன் கையில்தான் இருந்தது. ஆனால் அதற்குத்தானே தளம் இருக்கிறது?

முனவர் பேகத்தின் போனில் அகலமாக இருந்த ஒரே படம், காலையில் என் மாமனார் அனுப்பிய பிள்ளையார். ஊர் முழுக்க எல்லோர் போனிலும் டிங் என்று சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தால், செவ்வந்தி மாலையும் சீரியல் பல்பு வெளிச்சமுமாக, பெரிதாகப் பிள்ளையார். கீழே தொட்டுப் படிப்பார்களா யாராவது? கன்னத்தில் போட்டுக்கொண்டு, பதிலுக்குக் கும்பிடு அனுப்பினார்கள். முதல் கும்பிடு என் மாமனாருடையது. தன் படமே தனக்குத் திரும்பி வந்ததில் அவருக்கு ரொம்பத் திருப்தி. அவர் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், யானைகள் எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல் அவர் காட்டுக்குள் நுழைந்தன.

யாருக்கும் அடிபடவில்லை. தக்காளிதான் மிஞ்சவில்லை. மறுநாள் நானும் ஜெயப்ரியாவும் போனபோது, பறிக்க வந்த ஆட்கள் சும்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் சரசம்மா நசுங்காத பழம் ஏதாவது கிடைக்குமா என்று செடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். முறைப்படி என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாப்ள" என்றார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மாமனார் திட்டவில்லை. சாய்ந்து கிடந்த கொம்பு ஒன்றை நிமிர்த்தி ஊன்றிவிட்டு, "மாப்ள, எனுக்கு ஒரு சந்தேகம்" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"அந்தக் கட்டமெல்லாம் எங்களுக்குப் போட்டீங்களே, அத அந்த ஆனைக்குப் போட்டிருந்தா நிரப்ப முடியாம அதுவே திரும்பிப் போயிருக்குமில்ல?"

ஜெயப்ரியா அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

சாந்த் பாஷா அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உட்கார்ந்ததும் முதலில் கை போனது எடுப்பதற்கு அல்ல. 'இது பிள்ளையார் படம் அல்ல என்று உறுதி கூறுகிறேன்' என்று ஒரு புதுக் கட்டம் போட்டு, பக்கத்தில் நட்சத்திரமும் வைத்துவிட்டேன். பின்னால் நின்றிருந்த ஜெயப்ரியா மடிக்கணினியை என் முகத்துக்கு நேரே மூடினாள். விரல் தப்பியது அதிர்ஷ்டம்.

இப்போது அந்தத் தளத்தில் பழையபடி ஒரே ஒரு கட்டம்தான். அடுத்த முறை யானை வந்தபோது, 'ஆனை. ஏரிக்கரை' என்று முனவர் பேகம் எழுதி முடிப்பதற்குள் ஆட்கள் ஓடிவிட்டார்கள். என் மாமனார் மறுபடி நாற்று விட்டிருக்கிறார். யானை வந்தால் பாதுகாப்புக்கு எனக்கும் ஒரு போன் போடுங்கள் மாமா என்றேன். "வேணாம் மாப்ள, நீங்க எடுத்து, எந்தக் காடு, எந்த மூலன்னு கேப்பீங்க" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நடுவில், இதற்கு ஒரு துணைத்தலைப்பு இருந்திருக்கலாமே, ஒரு படமாவது போட்டிருக்கலாமே என்று தோன்றியதா? வீட்டில் யாராவது மூச்சிரைக்க ஓடி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "மொதல்ல உக்காரு, ஒண்ணொண்ணா வரிசையாச் சொல்லு" என்றிருக்கிறீர்களா? அப்படியானால் எதற்கும் ஒரு தடவை வாசலில் எட்டிப் பார்த்துவிடுங்கள். அவர்கள் சொல்ல வந்தது அதற்குள் உள்ளே வந்திருக்கும்.