ஹலோ அக்காவும் ரெண்டரை அங்குலமும்

உலகத்தில் உள்ள எல்லா மோசடியும் மனிதன் காலில் செருப்பை மாட்டிய அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஜீவன், எனக்குத் தெரிந்து, ஹலோ அக்காதான்.

எழுபதுகளின் நடுவில் தி.நகரில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் இருந்தோம். மாடியில் எட்டுப் பேர். நான் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அக்கா ஏதோ ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலையாக இருந்ததால், குளியலறைக் கதவைத் தட்டினால்கூட உள்ளேயிருந்து "ஹலோ, யார் பேசறது?" என்றுதான் குரல் வரும். பெயரைச் சொன்னால் போதாது. "என்ன விஷயமா?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். குளிக்க வந்திருக்கிறேன் என்றால், "இந்த நேரத்துலயா?" என்பாள். அவளுடைய சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்கறே?" என்று நம்மைப் பார்க்கும் பார்வையில், கேட்டதே குற்றம் என்று தோன்றிவிடும்.

அவளையும் குறை சொல்ல முடியாது. பக்கத்திலேயே நின்றுகொண்டு, "ஐயா ஊர்ல இல்லைன்னு சொல்லிடும்மா" என்று கம்பெனி முதலாளி ஐயாவே சொல்லுவாராம். அதைப் பதினைந்து வருஷம் சொல்லியிருக்கிறாள். அப்புறம் எந்த மனுஷனை நம்புவது?

விடுதியில் மாடிப்படிக்கு அடியில் செருப்பு வைக்க ஒரு பலகை உண்டு. அக்கா அதில் ஒரு செருப்பைத்தான் வைப்பாள். இன்னொன்று அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கும். "ஜோடியா வெச்சா திருடனுக்கு நாமளே பார்சல் கட்டிக் குடுத்த மாதிரிடி. ஒத்தையா இருந்தா, இன்னொண்ணு எங்கேன்னு அவன் மண்டை காயட்டும்." கோயிலுக்குப் போனால் கிழக்கு வாசலில் ஒன்று, மேற்கு வாசலில் ஒன்று. தரிசனம் முடிந்ததும் வெறுங்காலோடு ஒரு சுற்று சுற்றி இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருவாள். பிரகாரம் சுற்றியது போக, இது ஒரு சுற்று கூடுதல்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் வெட்ஜ் ஹீல் வந்தது. ஒல்லிக் குதிகால் வைத்த ஹை ஹீல்ஸைப் பற்றி அக்காவுக்கு ஆட்சேபணையே இல்லை. நடுவில் இடைவெளி இருக்கிறது, அந்தப் பக்கம் தெரிகிறது, ஒளிவு மறைவு இல்லை. வெட்ஜ் அப்படியல்ல. விரலிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரே கட்டையாக அடைத்திருக்கும். முதன்முதலில் அதைக் கையில் எடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூடி வெச்சிருக்கான்னா உள்ளே ஏதோ இருக்குடி."

எனக்கோ அந்தக் கட்டை அவசரமாகத் தேவைப்பட்டது. என் உயரம் ஐந்தடி. அதுவும் காலையில் எழுந்தவுடன் அளந்தால். மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து, கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, கொஞ்சம் குட்டை" என்று எழுதிவிட்டார்கள். மூன்றாவது கடிதம் வந்த அன்று வகுப்பில் கரும்பலகையின் மேல் பாதியில் எழுதவே எனக்குக் கை போகவில்லை. திருநெல்வேலியில் இருந்த அப்பா நான்காவது வரனுக்குக் கடிதம் எழுதும்போது பேனா வழுக்கி என்னை ஐந்தடி மூன்று அங்குலமாக வளர்த்துவிட்டார். பையன் ஐந்தடி எட்டு என்று அவர்களும் எழுதியிருந்தார்கள். மெட்ராஸிலேயே வேலை, அம்மாவோடு மந்தைவெளியில் வீடு. பெரியவர்கள் வருவதற்கு முன்னால், மயிலாப்பூரில் ஒரு ஹோட்டலில் சும்மா பார்த்துக்கொள்ளலாம் என்று பையன் தரப்பில் ஏற்பாடு. என் பக்கத்துக்குத் துணை, விடுதியிலேயே மூத்தவளான ஹலோ அக்கா.

"ஹோட்டலா? ஏன் ஹோட்டல்?" என்றாள் அக்கா உடனே. "மந்தைவெளியில வீடு இருக்கு. காபிப் பொடி இருக்கும். கூப்பிட்டு உக்கார வெச்சுப் பாக்க வேண்டியதுதானே? என்னமோ இருக்குடி."

"எனக்கு நல்லதுதானேக்கா. வீடுன்னா செருப்பைக் கழட்டணும்."

அதைக் கேட்டதும் அக்காவுக்குள் இருந்த பேராசிரியை வெளியே வந்துவிட்டாள். அப்படியே நிற்க வைத்து எனக்குப் பாடம் எடுத்தாள். "வெள்ளைக்காரி விசேஷத்துக்கு உசந்த செருப்பு போடறான்னா, அவ அதோட மேடை வரைக்கும் போவா. நம்ம கல்யாணமா, கோயிலா, பெரிய மனுஷங்க வீடா, எல்லாத்துக்கும் வாசல்லயே கழட்டணும். உன் உசரம் வாசல்லயே நின்னுடும். புடவை மட்டும் உள்ளே வந்து தரையைப் பெருக்கும். அதனால விசேஷத்துக்குத் தட்டைச் செருப்பு. பஸ்ஸுக்கு ஓடற வேலை நாள்ல ஒரு அங்குலம், பின்னால வாரோட. ரெண்டரை அங்குலமெல்லாம் ஹோட்டல், சினிமா, பாண்டி பஜார். கழட்டற இடத்துக்குப் போட்டுக்கிட்டுப் போனே, கெட்டே!" இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அக்கா வைத்துக்கொள்ளவில்லை.

பாண்டி பஜாரில் ஒரு கடை. சேல்ஸ்மேன் ரெண்டரை அங்குல வெட்ஜை எடுத்து வைத்தான். அக்கா அதைத் தட்டிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"உள்ளே என்னப்பா?"

"கார்க்குக்கா. ஒரிஜினல் கார்க்கு. பஞ்சு மாதிரி கீது பாரு."

"அட்டையை வெச்சு அடைச்சிருந்தா?"

"இன்னாக்கா இப்டி சொல்லிக்கினு கீறே? நம்ம கடையில அந்த மாதிரி வேலையே கெடையாது."

"அப்ப ஒரு பக்கெட் தண்ணி கொண்டா."

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி விட்டத்தைப் பார்த்தார். கடை பெருக்குகிற பக்கெட் வந்தது. கார்க் என்றால் மிதக்கும், அட்டை என்றால் ஊறும் என்பது அக்காவின் சித்தாந்தம். வலது செருப்பு ஜம்மென்று மிதந்தது. இடது செருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு குமிழி விட்டு, அடியில் போய் உட்கார்ந்தது.

"இன்னாக்கா நீ, செருப்பு வாங்க வந்தியா, கப்பல் வாங்க வந்தியா?" என்று கத்தினான் அவன். அக்காவோ லாட்டரியில் பரிசு விழுந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு ஜோடி பக்கெட்டுக்குள் இறங்கின. எட்டாவதுதான் இரண்டு காலும் மிதந்தது. அதைத்தான் வாங்கினோம். அந்தக் கடைப்பக்கம் நான் அப்புறம் ஒரு வருஷம் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஹோட்டலுக்குப் போனோம். புடவையை ரெண்டரை அங்குலத்துக்குத் தகுந்தபடி தழையக் கட்டி, செருப்பே தெரியாமல் பின் குத்தியிருந்தாள் அக்கா. பையனும் அவர் அம்மாவும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பையன் எழுந்து வணக்கம் சொன்னார். நல்ல உயரம்தான். அவருடைய பெல்பாட்டம் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது. பிடித்த பிறகுதான் பயம் வந்தது.

அக்காவின் ஸ்பூன் மூன்று முறை கீழே விழுந்தது. மூன்று முறையும் அவளே குனிந்து, மேஜைக்கு அடியில் ஆற அமர இருந்துவிட்டு எழுந்தாள். கடைசி முறை என் காதில் சொன்னாள்: "பேன்ட்டு ஷூவையே முழுங்கியிருக்குடி. மூடி வெச்சிருக்கான்."

அதற்குள் அவர் அம்மா, "எங்க வீட்ல எல்லாருமே நல்ல உயரம். அதான் பொண்ணும் உயரமா இருக்கணும்னு..." என்று ஆரம்பித்தார். நான் ரவா தோசையைப் பார்த்துக்கொண்டு புடவைக்குள் கால்களை இழுத்துக்கொண்டேன்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு தேனாகப் பேசினாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு கபாலியைப் பாக்காம போறதா? நல்ல காரியம் பேசறோம். ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடலாமே?"

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்து அக்காவின் முகம் மலர்ந்தது. என் முகம் என்ன ஆயிற்று என்று அவள் பார்க்கவே இல்லை. தெரு முழுக்க அவள் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே போனேன். "சும்மா இருடி, அவன் குட்டு வெளியில வரப்போவுது" என்றாளே தவிர, என் குட்டும் அதே வாசலில்தான் வெளியே வரும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

செருப்பு விடும் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே செருப்பைப் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

"இல்லல்ல, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன் நான்.

அப்போதுதான் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். பதினைந்து வருஷம் எல்லாரையும் சந்தேகப்பட்டவள், தன்னைச் சந்தேகப்பட மறந்துவிட்ட அந்த நிமிடத்தில் வாயைத் திறந்தபடி நின்றாள். "அய்யய்யோ, நானே கெடுத்துட்டேனேடி" என்றாள். அவள் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேறு வழி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். புடவை என்னைச் சுற்றிக் குளம் கட்டியது. கண்ணைத் திறந்தால், எதிரே அவரும் இறங்கியிருந்தார். பெல்பாட்டம் அவர் பாதத்தைத் தாண்டி முன்னால் போய்க் கிடந்தது.

"கடுதாசியில அஞ்சு மூணுன்னு போட்டிருந்துச்சே?" என்றார் அவர் அம்மா.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு கையில் என் செருப்பு, ஒரு கையில் அவர் ஷூ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் அளந்தாள். "எங்க பொண்ணு ரெண்டரை. உங்க பையன் ரெண்டே முக்கால். கால் அங்குலம் உங்க பொய்தாம்மா பெரிசு."

வெயிலில் ஊறிய கல் உள்ளங்காலைச் சுட்டது. நால்வரும் கால் மாற்றிக் கால் வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். முதலில் சிரித்தவர் அவர்தான். "போதும்மா. கால் சுடுது. உள்ளே போலாம்" என்றவர், பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்களும் புடவையைத் தூக்கிக்குங்க, விழுந்துடப் போறீங்க" என்றார். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆவணியில் கல்யாணம். அக்கா வந்தாள். சத்திரத்து வாசலில் தன் செருப்பு இரண்டையும் கழற்றி, ஜோடியாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாளாம். விடுதித் தோழி ஒருத்தி பார்த்துவிட்டு அதிசயமாகக் கேட்டிருக்கிறாள். "இவ கல்யாண வாசல்ல ஒத்தையா விட எனக்கு மனசு வரலைடி" என்றாளாம்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் காணோம். "பாத்தியா? நான் சொன்னேனில்ல?" என்று என் தோளில் தட்டி அப்படி ஒரு சந்தோஷம். என்னுடைய ரெண்டரை அங்குலத்தைத்தான் மாட்டி அனுப்பினேன். அதை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைத்தாள். அடுத்த வருஷம் வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பெயர் தெரியாததால் தேடவும் முடியவில்லை.

இப்போதும் ஏதாவது ஒரு வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "ஹலோ, யார் பேசறது?" என்று ஒரு குரல் வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் போகிறேன்.