எண்ணெய்ப் பலகையில் மனோதத்துவம்

தென்காசி
20-6-1961

ராயகிரி மைத்துனர் பலவேசம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கை புருஷன் குற்றாலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் சாரலும் சளியும் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அவ்விடம் பயிர் பச்சை, ஆடு மாடு, தங்களைக் கட்டிய அக்காளின் முழங்கால் யாவும் சுகந்தானா?

எங்கள் பால்வண்ணநாதனை மனோதத்துவம் படிக்கச் சென்னைக்கு அனுப்பச் சொன்னவர் நீங்கள். ஆகையால் இதையும் நீங்களே கேளுங்கள். அந்தப் படிப்பில் ஊர்த் தேர்தலை விடக் கட்சிகள் அதிகம் போலிருக்கிறது. லீவில் வந்தவன், மணியடித்துச் சோறு வைத்துப் பழக்கினால் பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறும், அது ஒரு கட்சி என்றான். லீவு பூராவும் அடித்தான். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் இப்போது கோவிலில் உச்சிக்கால மணி கேட்டால் கை கும்பிடப் போகாமல் இலையைத் தேடுகிறது. "ஏலே, என்னலே இது?" என்று கேட்டேன். "அது மேலோட்டமான கட்சிப்பா. இன்னொண்ணு இருக்கு. சின்ன வயசுல அமுக்கி வச்ச ஆசைதான் அடிமனசுல கெடந்து ஆட்டுது. ஆளப் படுக்கப் போட்டுப் பேச விட்டா எல்லாம் வெளிய வந்துரும்" என்கிறான்.

குற்றாலத்தில் படுக்கவா ஆள் இல்லை? நம்ம பொண்ணு ஆவுடைத்தாயைத் தம் மகனுக்குக் கேட்டு, சிவகிரி தங்கசாமி அண்ணாச்சி சம்சாரத்தோடு வந்திருந்தார். முந்தாநாள் இருவரையும் அருவிக்கு அழைத்துப்போய், அவரை எண்ணெய் தேய்க்கிற பலகையில் குப்புறப் போட்டோம். தேய்க்கிறவர் முதுகைப் பிடித்துக்கொள்ள, இவன் தலைமாட்டில் குந்திக்கொண்டு, "மாமா, சின்ன வயசுல எதுக்கு ஆசப்பட்டீய?" என்று ஆரம்பித்தான். அந்த மனிதரும் சுகத்தில் கண்ணை மூடி, முதுகில் விழுந்த ஒவ்வொரு அறைக்கும் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "எங்க அத்த மவளத்தான் கட்டணும்னு கெடந்தேன்டே. எங்கய்யா மெரட்டி இவளக் கட்டி வச்சிட்டாரு" என்று ஒரு பெருமூச்சு. பின்னால் ஈரப்புடவையோடு அவர் சம்சாரம் நிற்கிறார். "பேசி முடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நேரே பஸ்ஸுக்கு நடந்தார். அண்ணாச்சி எண்ணெய் வழிய வழியப் பின்னால் ஓடினார்.

ஆவுடைத்தாய் சாப்பிடாமல் கிடக்கிறாள். அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பெற்ற மனசு கேட்கவில்லை, மச்சான். ஆகவே தாங்கள் உடனே வந்து, பையனைப் படிப்பிலிருந்து எடுத்து உங்கள் வயலில் இறக்கிவிடவும். நெல்லுக்கு அடிமனசு கிடையாது.

குற்றாலநாதர் அருளால் தங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
குற்றாலிங்கம்

பின்குறிப்பு: மேலே கண்டதை மறந்துவிடவும். சிவகிரி அம்மாள் காலை பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். "கட்டின நாள்லேர்ந்து வாயே தொறக்காத மனுசன், அன்னைக்கு ஊரு போய்ச் சேருற வரைக்கும் எங்கிட்டப் பேசிக்கிட்டே வந்தாரு. ஆவணில முகூர்த்தம் வையுங்க. ஆனா ஒங்க மவன் படிப்ப நிறுத்தப்படாது. அவருகிட்ட இன்னும் மிச்சம் இருக்கு" என்கிறார். ஆவுடைத்தாய் மறுசோறு வாங்கிச் சாப்பிடுகிறாள். தாங்கள் அவசரமாக வர வேண்டாம். வந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டாம். அக்காளும் கூட வருவார்கள்.