செல்ஃப் எண்டால் ஆர்?

“இனிமேல் என்ரை காசு என்ரை சொல்லைத்தான் கேக்கும்!”

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தபடி இவர் சபதம் எடுத்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், ராகுலன். இவருடைய சொல்லை எங்கள் ஒரு வயது மகள் கேட்பதில்லை. வாசல் பூட்டுக்கூடக் கேட்பதில்லை. காசாவது கேட்கட்டுமே.

விசயம் இதுதான். மார்க்கம் என்ற ஊரில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கி இவர் மிச்சம் பிடித்த காசு வங்கியில் சும்மா கிடந்தது. அதை ஓய்வுகாலக் கணக்கில் போட்டால் வரி குறையும்.

“செல்ஃப் டிரெக்ரட் எக்கவுண்ட் திறக்கப் போறன்.”

“செல்ஃபோ? எந்தச் செல்ஃப்? மா வைக்கிறதோ, பருப்பு வைக்கிறதோ?”

இவர் சிரித்த சிரிப்பில் புரைக்கேறியது. உடனே சிநேகிதன் துஷாந்துக்குப் போன் போட்டார். “மச்சான், நிலாணி என்ன கேட்டவ எண்டு தெரியுமே?” நிலாணி நான்தான். இரண்டு பேரும் ஸ்பீக்கரில் சிரித்து முடியும் வரைக்கும் நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“இஞ்சேரும், செல்ஃப் எண்டால் தானே நடத்துறது. என்ன வாங்கிறது எண்டு பாங்க்காரன் சொல்லேலாது. நாங்கள் சொல்லுறது.”

“நாங்கள் எண்டால்?”

“நான்.”

“பிறகேன் என்ரை பேரிலை திறக்கிறியள்?”

“மனிசியின்ரை பேரிலை போட்டாலும் வரிக்கழிவு எனக்குத்தான். வயசு போய் எடுக்கேக்கையும் வரி குறைவு. உம்மடை பேர் சும்மா பேருக்கு.”

சரியென்று வங்கிக்குப் போய்ப் பேருக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு இங்கிலீசில் கையெழுத்து நன்றாக வரும். அதற்கு மேல் வராது.

கணக்குத் திறந்ததும் இவருக்கு வாத்தியார் வேலை பிடித்துக்கொண்டது.

“இதுக்குள்ளை என்னத்தையும் வாங்கலாம். ஷெயார் வாங்கலாம். அது ஏறும், இறங்கும்.”

“எங்கடை பில்டிங் எலிவேற்றர் மாதிரியோ?”

“ம்... ஓம்.”

“அப்ப வேண்டாம். அது இறங்கினால் கிழமைக்கணக்கா ஏறாது.”

“ஈ.ரி.எஃப் வாங்கலாம். கன கொம்பனி ஷெயாரை ஒண்டாச் சேர்த்தது.”

“மிக்சர் பைக்கற். அது பரவாயில்லை.”

“ஜீ.ஐ.சி. இருக்கு. அஞ்சு வருசத்துக்குப் பூட்டி வைக்கிறது. போட்டது குறையாது, சின்ன வட்டி வரும். காசு நித்திரை கொள்ளும், அவ்வளவுதான்.”

“நித்திரை கொள்ளுமோ! இந்த வீட்டிலை ஒண்டாவது கொள்ளட்டுமே.”

இவர் அதைக் காதில் வாங்கவில்லை. கண் மின்னியது. “உதொண்டும் இல்லை. முழுக்காசும் ஒரே இடத்திலை. தங்கச் சுரங்கம்! வடக்கிலை, பனிக்குள்ளை. துஷாந்த் சொன்னவன்.”

“தங்கம் எடுத்திட்டினமோ?”

“இன்னும் தோண்டேல்லை.”

“அப்ப இருக்கெண்டு ஆர் பார்த்தது?”

“மேப்பிலை இருக்கு.”

“மேப்பிலை ஸ்ரௌவ்வில் எண்ட ஊரும் இருக்கு. அங்கை எங்களுக்கு வீடிருக்கோ?”

“நீர் சும்மா இரும். உமக்கு உது விளங்காது.”

இவருடைய முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் நான். அந்தக் காசு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாதா? தோண்டாத குழியில் போடவா அது?

அடுத்த நாள் கம்பியூட்டரில் பட்டனை அமத்தினார். புதுக் கணக்காம். முதல் தரம் வாங்குவதென்றால் கணக்குச் சொந்தக்காரரே வங்கியோடு போனில் கதைக்க வேண்டுமாம்.

“நீர் கதையும்.”

“ஐயோ, எனக்குப் போனெண்டால் நாக்கு ஒட்டிப் போகும்.” பொய் சொல்லவில்லை. யாராவது கதவைத் தட்டினாலே நான் அறைக்குள் போய்விடுகிற ஆள்.

“அப்ப நான் நீராக் கதைக்கிறன்.”

நம்பரை அமத்தி ஸ்பீக்கரில் போட்டு மீசையைத் தடவினார். தொண்டையைச் செருமினார். பூனைக்கும் கொதிக்கிற கேத்திலுக்கும் நடுவில் ஒரு குரல் வந்தது. “ஹலோ... நிலாணி ஸ்பீக்கிங்...”

“அக்கா, தமிழிலையே கதையுங்கோ. நான் துர்க்கா,” என்றது ஸ்பீக்கர்.

இவருக்கு வியர்த்தது. ஆனாலும் விடவில்லை. “தங்கச்சி, அந்தச் சுரங்க ஷெயாரிலை முழுக்காசையும் போடோணும்.”

“போடலாம் அக்கா. முதல் ஒரு பாதுகாப்புக் கேள்வி. உங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன?”

இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.”

“இல்லையே அக்கா.”

அடித்த கண் அப்படியே நின்றது. “இடியப்பமும் சொதியும்?”

“உதெல்லாம் உங்கடை அவருக்குப் பிடிச்சது போலக் கிடக்கு. இன்னுமொருக்காப் பிழைச்சால் கணக்குப் பூட்டுப்படும்.”

போனைப் பொத்திக்கொண்டு, “என்னப்பா உமக்குப் பிடிச்சது?” என்று கிசுகிசுத்தார். கலியாணம் கட்டி முதல் தரம் கேட்கிறார்.

“தாங்கோ போனை.” பிள்ளையை இவர் மடியில் வைத்துவிட்டு வாங்கினேன். “நான்தான் நிலாணி. பிடிச்ச சாப்பாடு, வேறை ஆரும் சமைச்சது.”

கணக்குத் திறந்த அன்று, இவர் பிள்ளைக்குப் பம்பர்ஸ் மாற்றப் போன நேரம், வங்கியில் இதே கேள்விக்கு நான் தமிழில் சொன்ன பதில் அதுதான்.

துர்க்கா வாய்விட்டுச் சிரித்தாள். “சரி அக்கா. அப்ப முதல் கதைச்சவ ஆர்?”

இவர் கும்பிட்டார்.

“மாமி,” என்றேன். “காசு விசயத்திலை கொஞ்சம் அவசரப்படுவா.”

“அவவிட்டை இனிப் போனைக் குடுக்காதேங்கோ. இந்தக் கணக்கிலை செல்ஃப் எண்டால் நீங்கள் மட்டும்தான். சொல்லுங்கோ, சுரங்கமோ?”

நாக்கு ஒட்டவேயில்லை. “வேண்டாம் தங்கச்சி. முக்கால்வாசியை அஞ்சு வருச ஜீ.ஐ.சி.யிலை போடுங்கோ. மிச்சத்துக்கு மிக்சர்... சீ, ஈ.ரி.எஃப்.”

இவர் பிள்ளையோடு எழும்பிக் கையைக் காலை ஆட்டினார். வாய் திறக்க வழியில்லை. ஆண் குரலில் கத்தினால் மாமி ஆர் என்று பிடிபட்டுவிடும். பெண் குரலில் கத்தினால் மாமியின் சொல் எடுபடாது.

போனை வைத்தேன். இவர் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுக் குசினிப் பக்கம் நடந்தார்.

“தேத்தண்ணி போடட்டோ?”

இன்னும் மாமியின் குரலில்தான்.