மோர்ப் பொத்தானின் சொந்தக்காரர்

முன்பே யோசித்தவர் என்றொரு இனம் உண்டு. இதைப் பார்க்கக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். ஆவடி பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். கண்டக்டருக்கு நீங்கள் போனைக் காட்டிப் பணம் கொடுத்தால் போதும். "இது வர்றதுக்கு பத்து வருஷம் முன்னாடியே நான் சொன்னேன்" என்று ஆரம்பிக்கும். யாரிடம் சொன்னார், அவர்கள் ஏன் காதில் வாங்கவில்லை, வாங்கியிருந்தால் இன்று நாடு எங்கே போயிருக்கும் என்பதெல்லாம் நீங்கள் இறங்கும் நிறுத்தம் வரை ஓடும். சமயத்தில் அவரும் கூடவே இறங்கிவிடுவார்.

இவர்களில் பெரும்பாலோர் சாதுக்கள். ஒரு பெருமூச்சோடு விட்டுவிடுவார்கள். ஆனால் எப்போதாவது ஒருவருக்குக் காப்புரிமை கிடைத்துவிடுகிறது. அப்புறம் ஊர் தாங்காது.

மேனாம்பேடு கஜபதி அந்த ஒருவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு கம்பெனி சூப்பர்வைசராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, முழு நேரமும் யோசிக்கத் தொடங்கியவர். அவர் பெயரில் ஒரு காப்புரிமை இருக்கிறது. "அமர்ந்திருக்கும் ஒருவர் எழவிருப்பதை முன்னறிந்து, காத்திருக்கும் மற்றொருவருக்குத் தெரியப்படுத்தும் முறையும் அதற்கான சாதனமும்." புரிகிறதா? புரியாவிட்டால் பரவாயில்லை. அதன் பலமே அதுதான்.

விஷயம் எளிது. கல்யாண மண்டபத்தில் நீங்களும் நின்றிருப்பீர்கள். சாப்பிடுகிறவரின் நாற்காலி முதுகில் இரண்டு கையையும் ஊன்றி, வேறு எவரும் அந்த நாற்காலியைப் பிடித்துவிடாதபடி முழங்கையை அகட்டி, அவர் இப்போது ரசத்தில் இருக்கிறாரா பாயசத்துக்கு வந்துவிட்டாரா என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அவர் இரண்டாம் முறை அப்பளம் கேட்டதும் மனதுக்குள் திட்டி, கடைசியில் இலையில் மோர் விழுந்ததும் "அப்பாடா" என்று மூச்சு விட்டிருப்பீர்கள். அந்த மோரைத்தான் கஜபதி பிடித்துக்கொண்டார். மோர் ஊற்றுகிறவர் கையில் ஒரு பொத்தான். ஊற்றியதும் அழுத்துவார். வெளியே காத்திருப்பவர் போனில் மணி அடிக்கும். அவ்வளவுதான்.

அந்தப் பொத்தானை அவர் செய்தாரா? செய்யவில்லை. யோசிப்பது அவர் வேலை. செய்வது மற்றவர்கள் வேலை. செய்தவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவது காட்டுப்பாக்கம் வக்கீல் அபிஷேக்கின் வேலை. அபிஷேக்குக்கு ஃபீஸ் கிடையாது, வருவதில் பங்கு.

சலூனில் நாற்காலி காலியாவதைச் சொல்லும் கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. டாக்டரிடம் டோக்கன் போடும் கம்பெனிக்குப் போனது. கார் நிறுத்த இடம் காட்டும் கம்பெனி ஒன்று, "எங்களிடம் யாரும் உட்காருவதில்லை, கார்தான் நிற்கிறது" என்று பதில் எழுதியது. "காருக்குள் டிரைவர் உட்கார்ந்திருக்கிறாரா, இல்லையா?" என்று அபிஷேக் திருப்பி எழுதினார். பணம் வந்துவிட்டது. வழக்கு நடத்துவதைவிடக் கொடுத்துத் தொலைப்பது மலிவு என்று எல்லோருக்கும் தெரியும். அபிஷேக்குக்கு நன்றாகவே தெரியும்.

கஜபதிக்குப் பணம் இரண்டாம்பட்சம். கல்யாணத்துக்குப் போனால், நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தைத் தன் வயலில் மேயும் மாடுகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு மேடையேறி, மெல்லிசைக் குழுவிடம் மைக்கை வாங்கி, மணமக்களை வாழ்த்துகிற சாக்கில் தன் புதிய யோசனைகளை விளக்குவார். மைக் பழக்கம் அவருக்கு வெகுநாளாக உண்டு.

இப்படிப்பட்டவரின் நோட்டீஸ் ஒருநாள் பூந்தமல்லியில் தஸ்லீமுக்குப் போய்ச் சேர்ந்தது.

தஸ்லீமின் அத்தா உஸ்மான் கனிக்கு அங்கே பிரியாணிக் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை வாசலில் நிற்கிற கூட்டம் பஸ்ஸை மறிக்கும். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த தஸ்லீம் அதற்கு ஒரு செயலி எழுதினாள். மேசைக்குக் கடைசியாக பிரெட் அல்வா போனதும் சப்ளையர் திரையைத் தொடுவார். வெளியே நிற்பவர் போன் "வாங்க" என்று கூப்பிடும். போரூர் வரை பிரியாணிக் கடைகள் அதை வாங்கிக்கொண்டன. கடைக்கு மேல் ஒரு சின்ன அறை, அதில் நாலு பெண்கள் வேலை செய்தார்கள். நோட்டீஸோ ஒவ்வொரு நாற்காலிக்கும் மாதா மாதம் உரிமத் தொகை கேட்டது. கொடுத்தாலும் மூட வேண்டும். கொடுக்காமல் கோர்ட் தடை போட்டாலும் மூட வேண்டும்.

நேரில் பேசிப் பார்க்கலாம் என்று மேனாம்பேட்டுக்குப் போனாள்.

"அங்கிள், உங்களுது மோரு. நாங்க அல்வா வெச்சு செய்றோம்."

"மோர் வந்தா எந்திரிப்பான். அல்வா வந்தா எந்திரிப்பான். ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"மூடிட்டா நாலு பொண்ணுங்களுக்கு வேலை போயிடும் அங்கிள்."

கஜபதி உண்மையிலேயே வருத்தப்பட்டார். கண்கூடக் கலங்கியது. "கஷ்டம்தான். கம்பெனி மூடுனாலும் ஆளுங்களுக்கு வேலை போகாத மாதிரி நான் தொண்ணூத்தெட்டுலயே ஒரு ஐடியா யோசிச்சு வெச்சிருந்தேன், கேக்குறியா?"

கேட்டாள். வேறு வழி? சாயங்காலம் வரை கேட்டாள்.

வாசல் வரை கூட வந்தவர் கஜபதியின் மனைவி சரசா. "மனசுல வெச்சுக்காதம்மா. அந்தாளுக்கு காசுலாம் பெருசு இல்ல. இன்னொருத்தன் முன்னாடி யோசிச்சிட்டான்னு மட்டும் சொல்லிறக் கூடாது. சொன்னா அன்னிக்கு ஊட்ல ஒருத்தரும் நிம்மதியா சோறு துன்ன முடியாது."

ஒரு காலில் செருப்பைப் போட்டிருந்த தஸ்லீம் அப்படியே நின்றாள். "அப்படியா ஆன்ட்டி?"

"அய்ய, நான் இன்னாத்துக்கு பொய் சொல்லப் போறேன்."

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காப்புரிமை வேண்டுமென்றால் முதலில் யோசித்தால் மட்டும் போதாது. விண்ணப்பம் போடும்வரை அதை ஊருக்குச் சொல்லாமலும் இருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்துவிட்டால் அது ஊருக்குச் சொந்தம். முன்பே யோசித்தவர்களுக்கு இதைவிடக் கொடுமையான நிபந்தனையை யாராலும் யோசித்திருக்க முடியாது.

கோர்ட் படிக்கட்டில் அபிஷேக் பாடம் நடத்தினார். "சார், 2017ல விண்ணப்பம் போட்டோம். அதுக்கு முன்னாடி நீங்க யார்கிட்டயும் சொல்லல. என்ன கேட்டாலும் இதான் பதில்."

"யார்கிட்டயுமா?"

"யார்கிட்டயும்."

கஜபதிக்கு நாக்கு உலர்ந்தது.

இருந்தாலும் கூண்டில் அவர் அபாரமாகத் தாக்குப்பிடித்தார். தஸ்லீமின் வக்கீல் நிஷா மாற்றி மாற்றிக் கேட்டும் அசையவில்லை. நண்பர்களிடம் சொன்னீர்களா? இல்லை. கூட வேலை பார்த்தவர்களிடம்? இல்லை. மனைவியிடமாவது? இல்லவே இல்லை. பின்வரிசையில் சரசாவுக்குப் புரையேறியது.

நிஷா சாவகாசமாகப் பக்கத்தைப் புரட்டினார். "இதை முதல்ல யோசிச்சது உஸ்மான் கனின்னு நாங்க சொல்றோம். 2016 ரம்ஜான் சமயத்துல, கடை வாசல்ல நின்னு சொல்லியிருக்கார்."

அபிஷேக் புன்னகைத்தார். சாட்சி இல்லை, ஆதாரம் இல்லை, வெறும் வாய்ப்பேச்சு. நிற்காது.

"யாரு?" என்றார் கஜபதி.

"உஸ்மான் கனி. பிரியாணி மாஸ்டர். நீங்க காப்பியடிச்சீங்கன்னு நான் சொல்லல. அவருக்கு அப்புறம், ரெண்டாவதா யோசிச்சிருக்கீங்க. ரெண்டாவதா யோசிக்கிறதும் பெரிய விஷயம்தான்."

அபிஷேக்கின் புன்னகை உறைந்தது. இருமினார். பேனாவைக் கீழே போட்டார். அதை எடுக்கக் குனிந்தவர் மேசைக்கு அடியிலிருந்தே தலையை ஆட்டினார். கஜபதிக்கு எதுவும் தெரியவில்லை. ரெண்டாவதா. காது இரண்டும் சிவந்து, கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆயுளிலேயே முதல்முறையாகப் பேசாமல் அடக்கிய அந்த அரை நாளின் பாரம் முழுவதும் தொண்டைக்கு வர, நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார்.

"அய்யா, 2015 தை மாசம். என் மச்சான் வரதன் கல்யாணம், ஆவடில. ஸ்டேஜ்ல மைக்க வாங்கி நான் சொன்னேன். மோரு, பட்டனு, போன்ல மணி, ஒண்ணு வுடாம சொன்னேன். மண்டபமே கேட்டுச்சு. இந்தாளு 2016ன்றாரு. நான் 2015. வீடியோ கீது அய்யா."

"வீடியோ இருக்கா?" என்று நீதிபதி மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு காப்பி கீது."

அடுத்த வாய்தாவில் அது கோர்ட்டில் ஓடியது. மாலையும் கழுத்துமாக வரதன் நிற்கிறான். மணப்பெண் கொட்டாவியை முந்தானையால் மறைக்கிறாள். இருவருக்கும் நடுவில் நின்று கஜபதி மோர் ஊற்றுவதுபோலவும் பொத்தானை அழுத்துவதுபோலவும் நடித்துக் காட்டுகிறார். பரிசுக் கவரோடு நிற்கும் வரிசை கலைந்து சாப்பிடப் போகிறது. எல்லாம் முடிந்து, கடைசியில், "மணமக்கள் வாழ்க." கோர்ட்டில் யாரோ கைதட்டிவிட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த கஜபதிதான்.

காப்புரிமை ரத்தானது. நாலு பெண்களும் மாடி அறையில் வேலையைத் தொடர்ந்தார்கள். தஸ்லீம் அன்று அத்தாவைக் கேட்டாள்: "நிஜமாவே 2016ல சொன்னீங்களா?"

"நான் எங்கம்மா ஐடியா சொன்னேன்? அல்வா துன்னா எந்திரிங்கப்பா, வெளிய ஆளு நிக்குதுன்னு கத்துனேன்."

கஜபதி இடிந்துபோயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது: இந்த முறையை மனுதாரரே 2015ஆம் ஆண்டில் பொதுமக்கள் முன்னிலையில் விளக்கியிருப்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது. வாழ்நாள் முழுக்க அவர் சொல்லி ஒருவரும் நம்பாததை ஒரு கோர்ட்டே சொல்லிவிட்டது. அந்தப் பத்தியை மட்டும் லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அபிஷேக் போன் எடுப்பதில்லை. அது கஜபதியின் கவனத்துக்கு வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லி பிரியாணிக் கடை வாசலில் அவரைப் பார்க்கலாம். போன் "வாங்க" என்றதும் பக்கத்தில் நிற்பவரிடம் அட்டையை நீட்டுவார். உள்ளே உஸ்மான் கனி, "வாங்க நைனா, ஃபர்ஸ்ட்டு வந்தவரே" என்று கரண்டியைத் தூக்கிக் கும்பிட்டு, அல்வாவை ஒரு கை கூடுதலாக வைக்கச் சொல்வார். கஜபதி அதைத் தின்று முடித்தபின்னும் எழுந்திருப்பதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு 2015ஐ விளக்கிக்கொண்டிருப்பார். வெளியே "வாங்க" வந்தும் நாற்காலி காலியாகாமல் ஒருவர் நிற்பார். கஜபதி இருக்கும் மேசையில் மட்டும் அந்தச் செயலி வேலை செய்வதில்லை.

சரி. கல்யாணத்தில் மைக்கை வாங்கினார் என்று படித்த இடத்திலேயே, இவர் மாட்டப்போவது இந்த மைக்கால்தான் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது, இல்லையா? இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்ல வாயைத் திறக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.