பன்னிரண்டுதான் இருக்கு

பேரன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நானும் சௌக்கியம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. கை வரவில்லை. அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

நான் மொட்டை மாடியிலிருந்து குதிக்கப் போனதாக உங்களுக்குச் சேதி வந்திருக்கும். நான் குதிக்கப் போகவில்லை அண்ணா. வெயில் காயப் போனேன். ஆனால் உண்மைக் காரணம் குதிப்பதைவிட மோசம். அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

அவர் இருந்தபோது எங்கள் தெருவுக்கு ரத்தம் எடுக்க வந்தார்கள். வியாதிக்கு இல்லையாம், கணக்குக்காம். ஊர் ஜனங்கள் உடம்பில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடப் போகிறார்களாம். நான் மாட்டேன் என்றேன். உங்கள் மாப்பிள்ளைதான், "ஒரு சொட்டு ரத்தத்துக்கு இவ்வளவு யோசனையா? மூட்டைப்பூச்சிக்கு இதைவிட அதிகமா குடுத்திருக்கோம், வா" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். வயசு கேட்டார்கள், வேலை கேட்டார்கள். அவர் கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிப்பவர், நாளெல்லாம் வெயில். நான் ஓட்டலில் தரைக்கு அடியில் இருக்கும் சலவை அறையில் விரிப்புத் துவைப்பவள், விடியுமுன் இறங்கினால் இருட்டித்தான் ஏறுவேன். அதையெல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒருநாள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. அன்று வீட்டுக்கு வந்திருந்த நீங்கள்தானே தூக்கினீர்கள். ஒரு செருப்பு காலிலேயே இருந்தது. அன்றிலிருந்து நான் செருப்பைக் குனிந்து கழற்றுவதில்லை. நின்றபடியே காலை உதறுகிறேன். போன வாரம் ஒன்று பறந்து எதிர்வீட்டுக்காரர் மடியில் விழுந்தது, நல்லவேளை அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போது அந்தக் கணக்கு ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "அம்மா, உங்க மாதிரி பன்னிரண்டு" என்றாள்.

"என்ன மாதிரி பன்னிரண்டு பேரா? பாவம், எல்லாரும் எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இருபதாவது இருக்கணும். உங்களுக்குப் பன்னிரண்டுதான் இருக்கு."

பன்னிரண்டு என்னவென்று கேட்க வாய் வரவில்லை. நாள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? மாசம் என்றே நானாக வைத்துக்கொண்டேன். அவருக்கு எவ்வளவு என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரருக்கு முப்பத்தெட்டும்மா. சூப்பரா இருக்காரு" என்றாள். போனை வைத்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள் அண்ணா. முப்பத்தெட்டு இருந்தவரே செருப்பைக் கழற்றி முடிக்கவில்லை. பன்னிரண்டு இருப்பவள் எந்த மூலைக்கு?

சலவை அறையில் இஸ்திரி போடும் அக்காவிடம் மட்டும் சொன்னேன். "வைட்டமின் டின்னா வெயில்டி. போய் உச்சி வெயில்ல நில்லு, ஏறிடும்" என்றாள். லீவு நாளில் மாடிக்குப் போனேன். சுற்றிலும் உயர உயரமான கட்டடம், மாடி முழுக்க நிழல், கைப்பிடிச் சுவர் ஓரமாக மட்டும் ஒரு பாய் அளவுக்கு வெயில் விழுந்தது. அங்கே போய், கையை மடித்துவிட்டு, இரண்டு பக்கமும் விரித்து, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் வேலை செய்த வெயில் இதுதானே என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்க் கட்டடத்துத் தையல்காரர் ஜன்னலைத் திறந்திருக்கிறார். "ஐயோ! பெயின்டர் சம்சாரம்! புடிங்க!" என்று கத்தினார். எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்த்தது தப்பாகப் போய்விட்டது. கீழே கூட்டம் கூடிவிட்டது. "அவசரப்படாதம்மா! உனக்கு ஒரு பொண்ணு இருக்கா!" என்றார்கள். என் கணக்கு ஊருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்து, "நான் என்ன செய்ய? எனக்குப் பன்னிரண்டுதான் இருக்கு!" என்று கத்தினேன்.

"பன்னெண்டு மணிக்குக் குதிக்கப் போறாளாம்!" என்றார் தையல்காரர்.

எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மெத்தைக் கடைக்காரர் கடையில் விலைபோகாமல் கிடந்ததையெல்லாம் இழுத்து வந்து வாசலில் போட்டார். அதற்குள் எங்கள் கட்டடக் காவல்காரர் பின்னால் வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்து, இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிமேல் மோதி விழுந்தோம். எனக்கு முழங்கை, அவருக்குப் பல். பாதிப் பல்தான்.

சிரிக்காதீர்கள் அண்ணா. இதற்குமேல் சிரிப்பு இல்லை. மகள் ஓடி வந்தாள். "அப்பா போனது போதாதா? நீயும் போகணுமா?" என்று கேட்டாள். குதிக்கப் போகவில்லை என்று சொன்னால் பன்னிரண்டைச் சொல்ல வேண்டும். முழங்கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அவள் அடுத்த வாரம் வெளியூர்க் காலேஜில் சேர வேண்டும். இப்போது போகமாட்டேன் என்கிறாள். மாடிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் கூடவே நடக்கிறாள், குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி "இருக்கியா?" என்கிறாள். இருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்றுதான் தெரியவில்லை. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், என் காலம் முடிந்தால் அவள் படிப்பு முடியும்வரை உங்கள் வீட்டில் ஒரு மூலை கொடுங்கள். அதிகம் பேசமாட்டாள். அவர் மாதிரியே குறட்டை மட்டும் விடுவாள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். நீங்களாவது வெயிலில் நில்லுங்கள்.

இப்படிக்கு,
இருக்கும்வரை உங்கள் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். தபாலில் போடக் கிளம்பினபோது அந்த ஆபீசில் கணக்குப் போடும் அம்மாவே நேரில் வந்துவிட்டார். மாடி விஷயம் அவர் காதுவரை போயிருக்கிறது.

"அக்கா, உங்க ரத்த மாதிரி இருந்த குப்பி கொண்டுபோற வழியிலயே உடைஞ்சுபோச்சு. அதனால உங்க மாதிரி ஆளுங்களோட மாதிரிய வெச்சு, நீங்க எந்த மாதிரி இருப்பீங்கன்னு கணக்குப் போட்டோம். போன் பண்ணின பொண்ணு அதைப் போய் வாசிச்சுட்டா. எங்க தப்பு" என்றார். எனக்குத் தலை ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்போ எனக்குப் பன்னிரண்டு மாசம் இல்லையா?" என்று கேட்டேன். மகள்தான் பிரித்துச் சொன்னாள். "அம்மா, உன் ரத்தத்தை அவங்க பாக்கவே இல்ல. உன் வயசுல, வெயில் படாம வேலை பாக்கறவங்களுக்கு எவ்வளவு இருக்கும்னு போட்ட கணக்கு அது. பன்னெண்டு ரத்தத்துல இருக்கற அளவும்மா. மாசம் இல்ல. இதுக்குத்தான் மாடிக்குப் போனியா?" அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துத் துடைத்தாள். அடுத்த வாரம் கிளம்புகிறாள்.

அந்த அம்மாவிடம் அவர் போய்விட்டதைச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ கணக்குல இருந்து எடுத்துடுவீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ரத்தம் குடுத்த அன்னிக்கு எப்படி இருந்தாரோ அப்படியேதான் கணக்குல இருப்பாரு. அவர் மாதிரி பத்திரமா ஐஸ்பெட்டில இருக்கு."

அவர் மாதிரி. எனக்கு அது போதும் அண்ணா. வெயிலிலேயே கிடந்த மனுஷன், குளிரில் என்ன செய்கிறாரோ.

சேர்ந்து போய்க் கொடுத்ததால் எங்களுக்கு அடுத்தடுத்த நம்பராம். அவர் பக்கத்து இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். நாளைக்குப் போய் நிரப்பிவிட்டு வருகிறேன். பதறிக்கொண்டு வண்டி ஏறிவிடாதீர்கள், ரத்தத்தைத்தான் சொல்கிறேன்.